பேச்சுக்குத் துணை

டெல்லி ஜங்புரா பக்கம், பாரபுல்லா ஓடைக்கரையில் இருந்த தமிழர் குடியிருப்பான மதராசி கேம்ப்பை 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். மாற்று வீடு கிடைத்தவர்கள் தொலைவிலுள்ள நரேலாவுக்குப் போனார்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி என்று வளர்ந்த பிள்ளைகள் அவர்களோடு போனார்கள்.

அப்படியொரு பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமானால், 'ரெண்டு மொழியால் குழம்பிவிட்டான்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வராது. முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். பிறகு, அந்தப் பிள்ளையின் இரண்டு மொழியும் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் பார்ப்பது நல்லது.

கிராமத்தில் சிக்கல் வேறு. அண்ணப்பிளவுக்கு அறுவை சிகிச்சை முடிந்த பிறகும் பல பிள்ளைகளுக்குப் பேச்சு தெளிவதில்லை. தொடர்ந்து பயிற்சி வேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் சென்னைக்கு வந்தால் தாயின் கூலி போய்விடும். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் பேச்சு, செவித்திறன் துறையினர் திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, இந்தப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே உதவி கிடைக்கச் செய்தார்கள். மனதாரப் பாராட்ட வேண்டிய வேலை!

பேச்சுப் பயிற்சியாளராக விரும்பினால், பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்கள் பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பில் சேரலாம். கடைசியாக ஓராண்டு நேரடிப் பயிற்சியும் சேர்த்து நான்கு ஆண்டுகள். 1965இல் தொடங்கிய மைசூரு அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனத்திலும் இதைப் படிக்கலாம். தமிழும் இந்தியும் சரளமாகப் பேசும் நரேலாப் பிள்ளைகளே, உங்களையும்தான் அழைக்கிறேன்.