நம் தெருக் கழிவுநீர் நம் தெருவிலேயே சுத்தமாகட்டும்

(மும்பையில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் என்று இந்த மேடையில் பலர் பேசியிருக்கிறார்கள். நான் இன்று கக்கூஸைப் பற்றிப் பேசப் போகிறேன். சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் சோற்றைப் பற்றிப் பேசுகிற அரசியல், சோறு தின்ற பிறகு நடப்பதைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். விடியுமுன் பொதுக் கழிப்பிடத்து வரிசையில் நிற்கும் நம் பெண்களுக்கு இதுவும் அரசியல்தான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாம் ஊற்றும் வாளித் தண்ணீர் எங்கே போகிறது? சாலுக்கு முன்னால் ஓடும் கட்டருக்குப் போகிறது. அங்கிருந்து நாலாவுக்கு, நாலாவிலிருந்து மித்தி ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து மாஹிம் கழிமுகத்துக்கு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை பெய்தது. அன்று நாலா ஓரத்து வீடுகளுக்குள் வந்தது மழைத் தண்ணீர் மட்டுமா? நாம் அனுப்பியதெல்லாம் நம்மிடமே திரும்பி வந்தது.

நாடு முழுவதும் இதே கதைதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்கைப் பாருங்கள். நகரங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் கழிவுநீர் சுமார் 7,236 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது சுமார் 2,023 கோடி லிட்டர். நூற்றுக்கு 28 பங்கு! மீதி 72 பங்கு ஆற்றிலும் ஏரியிலும் கடலிலும் கலந்தது.

மும்பையில் 7 பெரிய சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். தாராவியும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்லதுதான், வரட்டும். ஆனால் ஒரு கேள்வி. பெரிய நிலையத்துக்குக் கழிவுநீர் போய்ச் சேரக் குழாய் வேண்டும். நம் சந்துகளில் குழாய் எங்கே? நான் ரயில்வே குமாஸ்தா, எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஜங்ஷன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நம் பக்கம் லைனே போடவில்லை என்றால் அதனால் நமக்கு என்ன லாபம்?

ஆகவேதான் சொல்கிறேன்: குழாய் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். கழிவுநீரை உண்டாகும் இடத்திலேயே சுத்தம் செய்ய வழி இருக்கிறது. அதில் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. முதலில் ஒரு தொட்டி; அதில் கசடு அடியில் தங்கும். அடுத்து, பல அறைகளாகத் தடுத்த தொட்டி. தண்ணீர் ஒவ்வோர் அறையிலும் அடியில் நுழைந்து மேலே ஏறி அடுத்த அறைக்குப் போகும். காற்றில்லாத அந்த இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். மூன்றாவது, சரளைக்கல் நிரப்பிய படுகை. அதில் நாணலும் கல்வாழையும் வளரும். கடைசியில் வெயில் படும் சிறு குளம். பள்ளம் பார்த்துக் கட்டினால் தண்ணீர் தானே ஓடும். மோட்டாரும் வேண்டாம், கரண்ட் பில்லும் வேண்டாம். வரும் தண்ணீர் குடிக்க உதவாது. செடிக்கு ஊற்றலாம். புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனவர்கள் அங்கே குளத்தையும் தோட்டத்தையும் பார்த்திருப்பீர்கள். அது இந்த முறைதான்.

நமக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? குடிசைப் பகுதிக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர், அடுக்குமாடிக்கு 135 லிட்டர் என்பது மாநகராட்சி நெடுங்காலமாக வைத்திருந்த கணக்கு. இந்த ஓரவஞ்சனையைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். 60 வீடு, 300 பேர் என்றால் 13,500 லிட்டர். அதில் 5-ல் 4 பங்கு கழிவாகும் என்று வையுங்கள். ஏறக்குறைய 11,000 லிட்டர். 20 அடி நீளம், 7 அடி அகலம், 7 அடி ஆழத்தில் தண்ணீர் நிற்கும் தொட்டி இருந்தால், இரண்டு நாள் கழிவு அதில் தங்கும். அதை மண்ணுக்கு அடியில் கட்டி, மேலே தளம் போட்டு நடக்கலாம். சரளைப் படுகைக்குத்தான் இடம் வேண்டும். மைதானத்து ஓரமோ கழிப்பிடத்தின் பின்புறமோ பார்க்கலாம். இடமே இல்லாத சந்துகளில் முதல் இரண்டு தொட்டியாவது அழுக்கில் பெரும் பகுதியைக் குறைக்கும். அந்தத் தண்ணீர் முழுச் சுத்தமல்ல. அதை மாநகராட்சிக் குழாயில்தான் சேர்க்க வேண்டும்.

தோழர்களே! ஒன்றை மறக்கக் கூடாது. எந்தத் தொட்டியிலும் கசடு சேரும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். எடுப்பது யார்? இத்தனை காலமும் ஒரு சாதியைச் சேர்ந்த மனிதனைக் கயிறு கட்டி இறக்கினார்கள். தொட்டிக்குள் இருக்கும் விஷ வாயு ஒரு நிமிஷத்தில் ஆளைச் சாய்க்கும். காப்பாற்றப் போனவனும் சாவான். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம்; 2 ஆண்டு சிறை வரை உண்டு. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் போன உயிருக்கு விலை உண்டா? நம் தொட்டியில் உறிஞ்சு லாரியின் குழாய்தான் இறங்க வேண்டும். மனிதன் இறங்கக் கூடாது. லாரி வந்து நிற்க வழியில்லாத இடத்தில் தொட்டி கட்டவே கூடாது.

"இதையெல்லாம் ஏழைகளால் நடத்த முடியுமா?" என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். கோலார் தங்கவயலிலிருந்து மும்பைக்கு வந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். ஜனதா காலனியைக் காக்கப் போராடினார். 1976-ல் அந்தக் காலனியை இடித்து மக்களைச் சீட்டா கேம்புக்கு அனுப்பினார்கள், அவர் ஓயவில்லை. தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டினார். அந்த அமைப்பும் மகளிர் குழுக்களும் மும்பையிலும் புனேயிலும் மக்களே நடத்தும் கழிப்பிடங்களைக் கட்டிக் காட்டின. அவர் 2018-ல் மறைந்தார்.

கராச்சியில் ஒராங்கி என்ற பகுதி. அங்கேயும் பிழைக்க வந்தவர்கள்தான். 1980-ல் அக்தர் ஹமீது கான் அங்கே வேலை தொடங்கினார். இருபது முப்பது வீடு ஒரு சந்து. சந்துக்கு ஒரு பொறுப்பாளர். வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்கள் செலவு. பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று பிரித்தார்கள். மக்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். அரசு பின்தங்கியது, கழிவு நாலாவில் விழுந்தது. இதில் நமக்குப் பாடம் உண்டு. வேலையை நாம் எடுத்துக்கொண்டால், "இனி உங்கள் பாடு" என்று அரசு நழுவப் பார்க்கும். நழுவ விடக் கூடாது. நாமும் வரி கட்டுகிறோம். வாங்கும் ஒவ்வொரு சோப்புக்கும் கட்டுகிறோம்.

ஆகவே நம் கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். இடமும் கட்டுமானச் செலவும் மாநகராட்சியுடையது. தினசரி மேற்பார்வை சந்துக் குழுவுடையது. அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். கசடு எடுக்கும் லாரி மாநகராட்சியுடையது. தேதி எழுத்தில் வேண்டும். காவல், துப்புரவு வேலைக்கு வைக்கும் ஆளுக்குச் சட்டப்படி கூலியும் கையுறையும் காலணியும் உண்டு. அந்த வேலைக்குச் சாதி பார்த்து ஆள் தேடக் கூடாது.

இந்த மாதம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு சந்திலும் வீடு எத்தனை, ஆள் எத்தனை, கட்டர் எந்தப் பக்கம் ஓடுகிறது, லாரி எதுவரை வரும் என்று ஒரு தாளில் வரைந்து சங்க அலுவலகத்தில் கொடுங்கள். எஸ்.எஸ்.சி. படிக்கும் பிள்ளைகளே வரைந்துவிடுவார்கள். அந்தப் படங்களோடு வார்டு ஆபீசுக்குப் போவோம். மனுவைத் தூக்கிப் போடலாம். கணக்கைத் தூக்கிப் போடுவது அவ்வளவு சுலபமல்ல.