மூச்சு வாங்குதுன்னு உட்கார்ந்துடாதீங்க

வருஷக்கணக்கா விறகடுப்புப் புகையில் வெந்த நம்ம பெண்கள், பீடி தொடாமலேயே சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் நோய்க்கு ஆளாகிறாங்க. இரைக்குதுன்னு நடையை நிறுத்தினா கால் தசை இளைக்கும்; அப்புறம் நாலு எட்டுக்கே மூச்சு முட்டும். கெட்ட நுரையீரல் பழையபடி ஆகாது. கால் தேறும். தேறின கால் அதே தூரத்தைக் குறைஞ்ச மூச்சில் நடக்கும்.

1928இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் நெஞ்சக மருத்துவமனை நமக்கு எட்டுற தூரம்தான். அங்கே காட்டி, டாக்டர் சொன்ன பிறகு, இன்ஹேலரை விடாமல், வாசலிலேயே 2 நிமிஷம் நடங்க. இரைச்சா நின்னு, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவிச்சு மெதுவா விடுங்க. அடுப்பு ஊதுற வேகம் வேண்டாம்! தினமும் கொஞ்சம் கூட்டினா, 8 வாரத்தில் வித்தியாசம் தெரியும். நெஞ்சு வலிச்சா, தலை சுத்தினா உடனே நிறுத்திடணும்.

"பெரியம்மா உட்காரட்டும்"னு பாசமா சொல்றோமே, அதுதான் கெடுதல். குழுவில் ஒருத்தர் சாயங்காலம் அவங்ககூட நடங்க.