பல் மேல் பழி போட வேண்டாம்



நம் கற்போர் வட்டத்தில் பலர் கேட்ட கேள்வி இது. "பல் முளைக்கிற பிள்ளை ராத்திரி எல்லாம் அழுகிறது. என்ன செய்தால் அடங்கும்?" இன்று அதைப் பற்றிப் பேசப் போகிறேன். இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, பிள்ளையின் ஈறு வலிக்கு வீட்டிலேயே என்ன செய்யலாம். இரண்டு, எதைப் பல் முளைப்பது என்று நினைத்துச் சும்மா இருக்கக் கூடாது. இரண்டாவதுதான் முக்கியம். அது பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்டது.

பல் எப்போது முளைக்கும்?

பிள்ளை தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஈறுக்குள் பால்பல் உருவாகத் தொடங்கிவிடுகிறது. பிறந்து 6 மாத அளவில் பெரும்பாலும் முதல் பல் வெளியே தெரியும். சில பிள்ளைகளுக்கு 4 மாதத்திலேயே வரும். சில பிள்ளைகளுக்கு ஒரு வயது ஆகும். இதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஒன்றரை வயதாகியும் ஒரு பல்கூட வராவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரும்பாலும் கீழ்வரிசை முன்பல் இரண்டும் முதலில் வரும். பிறகு மேல்வரிசை முன்பல் வரும். மூன்று வயதுக்குள் மொத்தம் 20 பால்பற்கள் வந்துவிடும்.

பல் வரும் நாளில் பிள்ளை எப்படி இருக்கும்? எச்சில் நிறைய ஒழுகும். கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைத்துக் கடிக்கும். ஈறு சிவந்து கொஞ்சம் வீங்கி இருக்கும். எரிச்சல்பட்டு அழும். தூக்கம் கெடும். சாப்பாடு கொஞ்சம் குறையும். ஒவ்வொரு பல்லுக்கும் சில நாட்கள் இந்தத் தொல்லை இருக்கும். பல் வெளியே வந்ததும் அடங்கிவிடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். விரலால் பிள்ளையின் ஈறை மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் போதும். பல பிள்ளைகள் உடனே அழுகையை நிறுத்திவிடும். இதற்குக் காசு செலவே இல்லை.

அடுத்தது குளிர்ந்த துணி. மெல்லிய பருத்தித் துணியைச் சுத்தமாகத் துவைத்து வெயிலில் காயவையுங்கள். கொதிக்கவைத்த தண்ணீரை மண்பானையில் ஊற்றி ஆறவிடுங்கள். அந்தத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழியுங்கள். ஒரு முனையைப் பிள்ளை கடிக்கட்டும். மறுமுனை உங்கள் கையில் இருக்கட்டும். பிள்ளையிடம் துணியைக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

எவர்சில்வர் கரண்டியையும் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுக்கலாம். கரண்டியின் வளைந்த முதுகை ஈறின் மேல் மெதுவாக வைத்துப் பிடியுங்கள். குளிர்ச்சி பட்டால் வலி குறையும். ஐஸ் கட்டி வேண்டாம். அது ஈறைப் புண்ணாக்கும்.

கடிக்கிற ரப்பர் வளையம் வாங்கினால், உள்ளே தண்ணீர் இல்லாத கெட்டியான வளையமாகப் பார்த்து வாங்குங்கள். அதைத் தினமும் கழுவுங்கள். கயிற்றில் கட்டிப் பிள்ளையின் கழுத்தில் மாட்டாதீர்கள். கயிறு கழுத்தை இறுக்கிவிடும்.

எச்சில் ஒழுகி மோவாயும் கழுத்தும் சிவந்து போகும். அடிக்கடி மெதுவாகத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடவலாம். ஈரமான சட்டையை மாற்றுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பல் வந்தால் பிள்ளை மார்பைக் கடிக்கிறது என்று சில தாய்மார்கள் பாலை மறக்கடித்துவிடுகிறார்கள். அது தேவை இல்லை. பிள்ளை கடித்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். வாயின் ஓரத்தில் சுண்டுவிரலை நுழையுங்கள். பிள்ளை வாயைத் திறக்கும். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் பிள்ளை கற்றுக்கொள்ளும். இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம்.

கடைசியாக, தோளில் போட்டுத் தட்டுங்கள். தூளியில் ஆட்டுங்கள். தாலாட்டுப் பாடுங்கள். அப்பாவும் தூக்கி வைத்துக்கொள்ளட்டும். ராத்திரி முழுவதும் தாய் ஒருத்தியே விழித்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

எதைச் செய்யக் கூடாது?

ஒரு வயதுக்குள் பிள்ளைக்குத் தேன் தொட்டு வைக்காதீர்கள். சில தேனில் ஒரு கிருமி இருக்கும். அது கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். கை கால் தளர்ந்து மூச்சுவிட முடியாமல் போகும்.

வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவாதீர்கள். அதைப் பிள்ளையின் கையில் வளையலாகக் கட்டினாலும் பிள்ளை அதைச் சப்பும். அதனால் வாந்தி எடுத்து, மயக்கமாகி, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் உண்டு.

சாராயம், பிராந்தி எதையும் ஈறில் தடவாதீர்கள். ஒரு துளி என்றாலும் கூடாது.

தூங்குவதற்கு என்று எந்த மருந்தும் கொடுக்காதீர்கள். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் மும்பை பஞ்சாலைகளில் வேலை செய்த தாய்மார்கள், அபின் கலந்த சின்ன உருண்டையைப் பிள்ளைக்குக் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத கொடுமை அது. அளவு கூடினால் அந்தத் தூக்கத்தில் இருந்து பிள்ளை எழுந்திருக்காது.

ஈறை மரத்துப் போகச் செய்யும் களிம்பைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். பென்சோகைன் என்ற மருந்து உள்ள களிம்பை இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் போடவே கூடாது என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2018இல் எச்சரித்தது. அது ரத்தத்தில் பிராணவாயு சேராமல் தடுத்துவிடும்.

சாவிக்கொத்து, செல்போன், கொலுசு இவற்றைக் கடிக்கக் கொடுக்காதீர்கள். அவற்றில் ஊர் அழுக்கு எல்லாம் இருக்கும். காரட் துண்டு, வறுக்கி போன்ற கடினமான தின்பண்டமும் வேண்டாம். உடைந்து தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பல் பேதி என்று ஒன்று இல்லை

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளைக்குப் பேதியானால், "பல் முளைக்கிறது, அதனால் பேதி. பல் வந்தால் தானாக நின்றுவிடும்" என்று சொல்கிறோம். காய்ச்சல் அடித்தாலும் அதையே சொல்கிறோம். பெரியவர்கள் இதை அன்போடுதான் சொல்கிறார்கள். அவர்கள் கண்ணால் கண்டதும் உண்மை. பல் வரும் மாதங்களில் பிள்ளைகளுக்கு அடிக்கடி பேதியாகிறது. ஆனால் பல்லால் அல்ல. காரணம் வேறு.

6 மாதத்தில் பிள்ளையின் வாழ்க்கையில் மூன்று மாற்றம் ஒரே சமயத்தில் வருகிறது.

முதல் மாற்றம், தாயின் வயிற்றில் இருந்தபோது பெற்ற நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடுகிறது. இரண்டாவது, தாய்ப்பாலோடு கஞ்சி, சாதம், தண்ணீர் கொடுக்கத் தொடங்குகிறோம். கை சுத்தமில்லை என்றாலும், பாத்திரம் சுத்தமில்லை என்றாலும் அதோடு கிருமி போகிறது. மூன்றாவது, பிள்ளை தவழ்ந்து போய்த் தரையில் கிடப்பதை எல்லாம் வாயில் வைக்கிறது. ஈறு அரிக்கும்போது இன்னும் அதிகமாக வைக்கிறது.

பேதி இந்தக் கிருமியால் வருகிறது. பல்லும் அதே மாதத்தில் வருகிறது. ஒரே பஸ்ஸில் வந்து இறங்கிய இரண்டு பேரும் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்களா? அப்படித்தான் இதுவும்.

பல் வரும்போது உடம்பு லேசாகக் கதகதப்பாக இருக்கலாம். ஆனால் உண்மையான காய்ச்சல் பல்லால் வராது. காய்ச்சல்மானியில் 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது காய்ச்சல். வேறு காரணம் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தத் தவறான நம்பிக்கை நம்மிடம் மட்டும் இருந்ததல்ல. சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் குழந்தைகள் இறந்தால், காரணம் "பல்" என்றே பதிவேட்டில் எழுதினார்கள். படித்த டாக்டர்களே பிள்ளைகளின் ஈறைக் கத்தியால் கீறிவிட்டார்கள். பல் வலிக்கு என்று விற்ற பொடியில் பாதரசம் கலந்திருந்தது. அதைத் தின்ற பிள்ளைகளுக்குக் கையும் காலும் சிவந்து உரிந்தன. சில பிள்ளைகள் இறந்தே போயின. 1954இல் அங்கே அந்தப் பொடியை நிறுத்தினார்கள். அதன் பிறகு அந்த நோயே அரிதாகிவிட்டது. பல் மேல் போட்ட பழி பொய் என்று உலகம் இப்படித்தான் தெரிந்துகொண்டது.

பேதி ஆனால் என்ன செய்வது?

பேதியில் பிள்ளையின் உடம்பில் உள்ள தண்ணீரும் உப்பும் வெளியே போகிறது. போனதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் உயிர் போகும். சின்னப் பிள்ளைக்கு ஒரே நாளில்கூட ஆபத்து வரும். "பல் வந்தால் நின்றுவிடும்" என்று காத்திருக்கும் அந்த ஒரு நாள்தான் பயங்கரமான நாள்.

போனதைத் திருப்பிக் கொடுக்க ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கிறது. இதன் பெருமையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1971இல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பங்காவ் என்ற ஊரின் முகாமில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் மருந்து போதவில்லை. திலீப் மகலநாபிஸ் என்ற டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். தாய்மாரும் உறவினருமே நோயாளிகளுக்குப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, நூற்றுக்கு நாலு பேருக்கும் கீழே வந்தது. 2023இல் அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

இந்தப் பொட்டலம் அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கும். கையைக் கழுவுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான குடிதண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பாதி பாதியாகப் போடாதீர்கள். ஒவ்வொரு தடவை பேதி ஆனதும் கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். கரைத்தது 24 மணி நேரம்தான் தாங்கும். மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

பொட்டலம் கிடைக்கும் வரை வீட்டிலேயே செய்யலாம். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர். தேக்கரண்டியில் தலை தட்டி 6 கரண்டி சர்க்கரை. அரைக் கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது. உப்பு கூடினால் ஆபத்து.

தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரையும் தருவார்கள். பேதி நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடியுங்கள்.

இங்கே நம் படிப்பு உதவும். பொட்டலத்தில் காலாவதித் தேதி இருக்கும். அந்த எண்களை நாமே படித்துப் பார்க்கலாம். இன்னொன்று. கடையில் அட்டைப் பெட்டியில் விற்ற சில இனிப்புப் பானங்களிலும் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டிருந்தார்கள். அவற்றில் சர்க்கரை அதிகம். பேதியை இன்னும் கூட்டும். உணவுப் பாதுகாப்புத் துறை 2025 அக்டோபரில் அந்தப் பெயரைப் போடத் தடை செய்தது. ஆகவே உடனே குடிக்கிற இனிப்புப் பானத்தை வாங்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் பொடியைக் கேட்டு வாங்குங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

பிள்ளை பால் குடிக்க முடியாமல் இருந்தால், குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தால், மந்தமாகக் கிடந்தால், வலிப்பு வந்தால், காத்திருக்காதீர்கள். கண் குழி விழுந்தால், உச்சிக்குழி பள்ளமானால், சிறுநீர் குறைந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்பினால், மலத்தில் ரத்தம் வந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். போகும் வழியிலும் கரைசலைப் புகட்டுங்கள். பிள்ளை மயக்கமாக இருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

நினைவில் வைப்போம்

ஈறு அரித்தால் சுத்தமான விரலும் குளிர்ந்த துணியும் போதும்.

தேன், வசம்பு, சாராயம், மரத்துப் போகும் களிம்பு வேண்டாம்.

பேதியும் காய்ச்சலும் பல்லால் வருவதல்ல.

பேதி தொடங்கிய உடனே கரைசல் கொடுக்க வேண்டும்.

முதல் பல் தெரிந்ததும் அந்தத் தேதியை உங்கள் கையாலேயே நோட்டில் எழுதி வையுங்கள். அன்றிலிருந்து ஈரத் துணியால் அந்தப் பல்லைத் தினமும் துடைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் யாராவது "பல் பேதிதான், விடு" என்று சொன்னால், அவர்களோடு சண்டை போட வேண்டாம். கரைசல் எப்படிக் கரைப்பது என்று காட்டிக் கொடுங்கள்.