கொடை மேடையும் கலைவிழா மேடையும்



தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில், ஆறுமுகநேரி உப்பளங்களை ஒட்டி இருக்கிறது சாகுபுரம். ரசாயன ஆலையைச் சுற்றி எழுந்த ஊர் என்பதால் இங்கே பழம்பெருமை பேச என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. பக்கத்து ஊர்களைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். செந்தூர் முருகனைத் திருப்புகழில் பாடினார் அருணகிரிநாதர். அந்தச் சந்தத்தைக் கைக்கொண்டு, நபிகள் நாயகத்தின் மேல் திருப்புகழ் பாடினார் காயல்பட்டினத்துக் காசிம் புலவர். ஒரே சந்தம் இரண்டு பக்திக்கும் உயிர் கொடுத்த மண் இது.

இந்தச் செல்வத்தை நாம் எப்படிக் கொண்டாடுகிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

2022 ஜூலையில் தூத்துக்குடியில் ‘நெய்தல்’ கலைவிழா நடந்தது. நாட்டார் கலைகளை நகரத்தில், பெரிய மேடையில் ஏற்றிய முயற்சி அது. கலைஞனுக்கு மேடையும் மரியாதையும் கிடைப்பது நல்ல காரியம். அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இதுபோன்ற விழாக்களில் பல கலைகள் வரிசைகட்டி நிற்கும்போது, ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது துண்டு நேரம்தான். கரகமும் ஒயிலும் அதில் ஓரளவு தாக்குப்பிடித்துவிடும். வில்லுப்பாட்டால் முடியாது.

ஏன் முடியாது என்பதைக் கொடைத் திருவிழா நடக்கிற கோயிலில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். மண்குடத்தின் கழுத்தில் வில்லைச் சேர்த்துக் கட்டி, நாண் மேலே வரும்படி வைத்திருப்பார்கள். வில்லில் சலங்கைகள் தொங்கும். கதை பாடும் புலவர் இரு கையிலும் வீசுகோல் பிடித்து நாணில் தட்டியதும் சலங்கை குலுங்கும். குடமும் உடுக்கையும் தாளமும் சேர்ந்துகொள்ளும். முதலில் காப்பு, பிறகு குருவணக்கம், அவையடக்கம். அப்புறம்தான் கதை. சுடலைமாடன் கதை என்றால் மாடன் பிறப்பதற்கே நெடுநேரம் ஆகும். பின்பாட்டுக்காரர் “ஆமா” போட்டுக் கதையை நகர்த்திக்கொண்டே இருப்பார். புலவரின் கண் மட்டும் கோமரத்தாடி எனப்படும் சாமியாடியின் மேல் இருக்கும். அவர் உடம்பில் நடுக்கம் தெரிந்ததும் பாட்டின் வேகம் கூடும். அருள் வந்து ஆடி, நள்ளிரவில் சாமி வேட்டைக்குப் புறப்படுகிற நேரத்துக்குப் பாட்டும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இதற்கு எந்த ஏட்டிலும் கணக்கு எழுதிவைக்கவில்லை. அது புலவரின் அனுபவத்தில் இருக்கிறது. இதைக் கால் மணி நேரத்தில் காட்டச் சொன்னால் சலங்கைச் சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

நா. வானமாமலை போன்றவர்கள் ஊர் ஊராகத் தேடிக் கதைப்பாடல்களைப் பதிப்பித்ததால் முத்துப்பட்டன் கதை போன்றவை இன்று புத்தகமாகக் கிடைக்கின்றன. அது பெரும் தொண்டு. ஆனாலும் புலவருக்கும் சாமியாடிக்கும் நடுவே நடக்கிற அந்தப் பேச்சில்லாப் பேச்சைப் புத்தகத்தில் படிக்க முடியாது. கூட உட்கார்ந்துதான் பழக வேண்டும்.

கலைச்செல்வத்தை மக்களே முன்வந்து கொண்டாடியதற்கு நம் மாவட்டத்து எட்டயபுரத்தையும் சொல்ல வேண்டும். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்தது அங்கேதான். அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை 1904இல் அச்சேற்றியதும் அங்கேதான். கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்ற உமறுப்புலவர் அங்கேயே அடங்கியிருக்கிறார். 1882இல் பாரதி பிறந்த ஊரும் அதுதான். பாரதிக்கு மணிமண்டபம் வேண்டுமென்று கல்கி கேட்டபோது, வாசகர்கள் தந்த நன்கொடையில் அது எழுந்து 1947இல் திறக்கப்பட்டது. மக்கள் தங்கள் கைக்காசைப் போட்டுக் கட்டினார்கள் என்பதாலேயே அந்த மண்டபத்தின் மேல் எனக்குத் தனி மதிப்பு.

விழா நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பத்து கலைகளை ஒரே மாலையில் அடுக்குவதற்குப் பதில், ஓர் இரவை ஒரே கதைக்குக் கொடுங்கள். இன்னொரு மாலையில் செந்தூர்த் திருப்புகழையும் காயல் திருப்புகழையும் ஒரே மேடையில் பாடவையுங்கள். சாகுபுரத்துக் குடியிருப்பிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற பெற்றோர்களே, அடுத்த கொடைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாதியில் எழுந்து வராமல், புலவர் வாழி பாடி முடிக்கும் வரை உட்கார்ந்து கேளுங்கள்.