அச்சத்தை வனைந்த ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்



அச்சம் என்னும் மெய்ப்பாட்டிற்குத் தெய்வம், விலங்கு, கள்வர், தம்மை ஆள்வோர் என நான்கு நிலைக்களன்களை வகுத்துரைத்தார் தொல்காப்பியர். இவற்றுள் இறுதியாக நின்ற ஆள்வோர்பால் எழும் அச்சமே ஓர் ஆங்கிலச் சிறுவனின் நெஞ்சில் முதலில் குடிபுகுந்தது.

இலண்டனை அடுத்த லேட்டன்ஸ்டோனில் 1899 ஆகஸ்டு 13-இல் காய்கனி வணிகர் ஒருவரின் கடைக்குட்டியாகப் பிறந்தவர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். ஐந்து வயதளவில், தந்தையார் அவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துக் காவல் நிலையத்திற்கு அனுப்பினாராம். சீட்டைப் படித்த காவலர் சிறுவனைச் சில நிமிடங்கள் அறையில் அடைத்துவைத்து, குறும்பு செய்யும் பிள்ளைகளுக்கு இதுதான் கதி என்றாராம். ஹிட்ச்காக் தம் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த கதை இது. சொல்லச் சொல்ல மெருகேறியும் இருக்கலாம். ஆனால் '39 ஸ்டெப்ஸ்' (1935), 'தி ராங் மேன்' (1956), 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) எனக் குற்றமற்றவன் குற்றவாளியாகக் கருதப்படும் கதையையே அவர் மீண்டும் மீண்டும் எடுத்தார் என்பதை நோக்க, அந்தச் சிறையறைக் கதவு அவருள் திறக்கப்படவே இல்லை என்று கொள்ளலாம்.

தந்தி வடம் செய்யும் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், மௌனப் படங்களுக்கு எழுத்தட்டை வரைபவராகத் திரையுலகில் நுழைந்தார். சொல்லை அளந்து எழுதும் பயிற்சி அங்கே கிடைத்தது. அதன் பயனை 'பிளாக்மெயில்' (1929) படத்தில் காணலாம். தன்னைக் கெடுக்க முயன்றவனைக் கத்தியால் கொன்றுவிட்ட பெண், மறுநாள் காலை உணவுக்கு அமர்ந்திருக்கிறாள். அண்டை வீட்டுக்காரி அந்தக் கொலையைப் பற்றி ஓயாது பேசுகிறாள். அவள் பேச்சு மெல்ல மங்கி, 'கத்தி' என்னும் ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பத் தெளிவாகக் கேட்கிறது. ரொட்டி அறுக்கும் கத்தி அப்பெண்ணின் கையிலிருந்து தெறித்து விழுகிறது. பிரிட்டனின் தொடக்ககாலப் பேசும் படங்களுள் ஒன்றிலேயே ஒரு தனிச் சொல்லின் ஆற்றலை இவ்வளவு நுட்பமாக ஆண்டவரைக் கவிஞர்கள் தம் இனத்தவர் என்றே கொண்டாடலாம்.

1939-இல் அமெரிக்கா சென்றார். அடுத்த ஆண்டு வெளிவந்த 'ரெபெக்கா' சிறந்த படத்திற்கான ஆஸ்கார் பெற்றது.

பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவுடன் 1962-இல் நிகழ்த்திய நெடிய உரையாடலில் தம் கலையின் மறையை அவரே விளக்கினார். இருவர் மேசையருகே அமர்ந்து பேசுகின்றனர். திடீரெனக் குண்டு வெடிக்கிறது. பார்ப்போர்க்குச் சில நொடி அதிர்ச்சி, அவ்வளவே. மாறாக, மேசைக்கடியில் குண்டு இருப்பதும் அது ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதும் பார்ப்போர்க்கு முன்னரே தெரிந்து, சுவர்க் கடிகாரம் பன்னிரண்டே முக்கால் காட்டினால்? அதே வெற்றுப்பேச்சு, பதினைந்து நிமிடப் பதைப்பாக மாறிவிடுகிறது. மறைப்பதனால் அன்று, அறிவிப்பதனாலேயே அச்சம் வளர்கிறது. இறுதி வரியில் வெடிக்கும் கவிதைகளையே எழுதிப் பழகியோர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணலாம்.

'ரியர் விண்டோ' (1954) படத்தில் கால் முறிந்தவன் ஒருவன் சன்னல்வழியே அண்டை வீடுகளை நோக்கியவாறு இருக்கிறான். அவனோடு சேர்ந்து நாமும் ஒளிந்து பார்ப்போராகிறோம். 'சைக்கோ' (1960) படத்திலோ கதைத்தலைவி பாதிப் படம் முடியுமுன்பே கொல்லப்படுகிறாள். ஒரு நிமிடத்திற்கும் குறைந்த அக்கொலைக்காட்சியைப் படமாக்க ஏழு நாள்கள் ஆயின. கருப்பு வெள்ளைப் படமாதலின் சாக்லேட் பாகு குருதியாயிற்று. அக்காட்சிக்கு இசையே வேண்டாம் என்றிருந்தார் ஹிட்ச்காக். பெர்னார்ட் ஹெர்மன் நரம்புக் கருவிகளை மட்டும் கொண்டு அமைத்த இசையைக் கேட்டபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

புகழுரையோடு இங்கே நிறுத்திவிடுதல் எளிது; ஆனால் அது நேர்மையாகாது. 'தி பேர்ட்ஸ்' (1963) படத்தில், பறவைகள் ஒரு பெண்ணைக் கொத்திக் குதறும் காட்சிக்குப் பொறிப்பறவைகளே பயன்படும் என்று நடிகை டிப்பி ஹெட்ரனிடம் கூறப்பட்டிருந்தது. நடந்தது வேறு. நாள்கணக்கில் உயிர்ப்பறவைகள் அவர்மீது எறியப்பட்டன. கண்ணருகே காயமும் பட்டது. இயக்குநர் தம்மிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார் என்றும், இணங்காமையால் தம் திரைவாழ்வையே முடக்கினார் என்றும் 2016-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் ஹெட்ரன் எழுதினார். மறுமொழி கூற ஹிட்ச்காக் அப்போது உயிருடன் இல்லை. எனினும் நடிப்பாக வெளிப்பட வேண்டிய அச்சத்தை ஒரு பெண்ணின் மெய்யான அச்சத்திலிருந்து பிழிந்தெடுத்ததைக் கலையின் பெயரால் பொறுத்தல் இயலாது. காவல் நிலைய அறையில் நடுங்கிய அதே சிறுவன், பின்னாளில் அறைக்கதவைப் பூட்டுபவனாக நின்ற இடம் அது. அப்படத்தைக் காணும்போதெல்லாம் இவ்வுறுத்தலும் உடன் வரும், வரவே வேண்டும்.

சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கார் பரிந்துரை ஐந்து முறை கிடைத்தும், விருது ஒருமுறையும் கிட்டவில்லை. வெளிவந்தபோது போதிய வரவேற்புப் பெறாத 'வெர்டிகோ' (1958), 2012-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் திறனாய்வாளரிடையே நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது. 2022-இல் அவ்விடத்தைப் பெண் இயக்குநரான ஷாந்தல் ஆக்கர்மானின் படம் பிடித்தது.

1979-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் வாழ்நாள் சாதனையாளர் விருது வழங்கியபோது, தமக்குத் துணைநின்ற நால்வரைப் பெயர் சொல்லி நன்றி பாராட்ட விரும்புவதாகக் கூறினார் ஹிட்ச்காக். ஒருவர் படத்தொகுப்பாளர், ஒருவர் திரைக்கதையாளர், ஒருவர் தம் மகளின் தாய், ஒருவர் அருமையான சமையல்காரர். நால்வர் பெயரும் ஆல்மா ரெவில்! 1926-இல் அவரை மணந்த ஆல்மா, அவருக்கு ஒருநாள் இளையவர். படத்தொகுப்பில் அவரினும் முன்னரே தேர்ந்தவர். படங்களின் பெயர்ப்பட்டியலில் பலமுறை இடம்பெறாத அப்பெயர், கணவரின் இறுதிக்காலத்தில் ஒரு விருந்துமன்றத்தில் நான்குமுறை போற்றப்பட்டது.

1980 ஏப்ரல் 29-இல் ஹிட்ச்காக் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். அவரது சாம்பல் பசிபிக் கடலில் தூவப்பட்டது. ஆல்மா 1982-இல் மறைந்தார்.