பின்னால் வருகிறவரின் பள்ளம்



மடக்கு சைக்கிளின் 16 அங்குலச் சக்கரத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 1962இல் ஜான் உட்பர்ன், கார்டிஃப்பிலிருந்து லண்டன் வரையிலான சாதனையை முறியடித்தது சின்னச் சக்கர மோல்டன் சைக்கிளில்தான். வேகத்துக்குக் குறைவில்லை; பள்ளம்தான் ஆகாது. பெரிய சக்கரம் தாண்டிவிடுவதில் சின்னது இறங்கிவிடும்.

கூட்டமாக விரையும்போது முன்னவரை ஒட்டியே வருவார்கள். எதிர்காற்று குறையும், ஆனால் சாலை தெரியாது. முன்னவர் கை காட்டினால்தான் பள்ளம் தெரியும்.

நெற்குப்பைச் சாலையில் ஒரு சனிக்கிழமை (ஞாயிறு என்றால் திருப்பலி என்னாவது!) முன்னே போன தம்பி கை காட்டவில்லை. பின்னால் மடக்கு சைக்கிளில் வந்தவர் விழுந்து, முழங்கை கிழிந்துவிட்டது.

“அது பள்ளமே இல்லையே, ஃபாதர்” என்றார் தம்பி. பொய் சொல்லவில்லை. அவர் சக்கரத்துக்கு அது பள்ளமில்லைதான்.

உரோமையர் திருமுகம் 14ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எந்த உணவும் தீட்டல்ல என்பதில் பவுலடியாருக்கு ஐயமே இல்லை. ஆனாலும், சகோதரர் இடறி விழுவார் என்றால் அந்த உணவையே விட்டுவிடச் சொல்கிறார்.

தம்பி இப்போது சின்னக் குழிக்கும் கை நீட்டுகிறார். மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். அவர் விடுவதாயில்லை.