கம்பத்தில் ஏறுவது யார், உரிமம் வைத்திருப்பது யார்?



ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கும் மாணவர்களிடம் பேசப் போகிறேன் என்றதும் ஒரு தோழர் என்னிடம் கேட்டார்: "நம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப் போராடுகிறோம். முனைவர் பட்ட ஆய்வு செய்யும் நீங்கள் போய் வயரிங் வேலைக்கு ஆள் சேர்க்கலாமா? இது குலக்கல்வி ஆகாதா?"

நியாயமான கேள்விதான். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. கடும் எதிர்ப்புக்குப் பின் 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. ஆனால் மின்சார வேலை யாருக்கும் அப்பன் தொழில் அல்ல. டிரான்ஸ்பார்மருக்கு மனுதர்மத்தில் இடமில்லை. எந்தச் சாதியில் பிறந்தவரும் படித்துத்தான் இதைக் கற்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், இந்தப் புதிய தொழிலுக்குள்ளும் பழைய படிநிலை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

என் பெரியப்பா மகன் பதினெட்டு வருடமாக வயரிங் வேலை பார்க்கிறார். சுவரை வெட்டிப் பைப் புதைப்பதிலிருந்து மெயின் போர்டில் இணைப்புக் கொடுப்பது வரை எல்லாம் அவர் கைதான். ஆனால் ஒப்பந்தக்காரரின் கணக்கில் அவர் இன்னும் ஹெல்பர். உரிமம் வேறொருவர் பெயரில், கையெழுத்தும் அவருடையதே. அண்ணனுக்கு நாள் கூலி. ஒருமுறை ஷாக் அடித்துக் கை கருகியபோது, அவர் அந்த இடத்தில் வேலை பார்த்தார் என்பதற்கே ஒரு துண்டுச் சீட்டு இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வீட்டில் கடன் வாங்கினோம். அண்ணனுக்கு வேலை தெரியும். வேலை தெரியும் என்பதற்கான காகிதம்தான் அவரிடம் இல்லை.

அம்பேத்கர் இதை அன்றே கவனித்திருந்தார். 1942இல் வைஸ்ராயிடம் அளித்த மனுவில் பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு உதவி கேட்ட அவர், கூடவே தொழில்நுட்பப் பயிற்சியும் கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வேயிலும் அப்ரண்டிஸ் இடங்கள் வேண்டும் என்றார். தோழரின் கேள்விக்கு என் பதிலும் அதுதான். பல்கலைக்கழகமும் வேண்டும், பணிமனையும் வேண்டும்.

மாணவர்களே, 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது அதன் 3ஏ பிரிவு. 18ஆம் பிரிவு உங்களைத் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர் என்கிறது. நிர்வாகங்களுக்கு வசதியான பிரிவு அது. ஆனால் பயிற்சியில் விபத்து நேர்ந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள்.

படிப்பும் இத்தோடு முடிவதில்லை. இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டு. ஐ.டி.ஐ. வாசலை மிதிக்காத என் அண்ணன் போன்றவர்களுக்கு, வேலை அனுபவத்தை வைத்து எழுதக்கூடிய மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வை அரசு நடத்துகிறது. அதற்கு அனுபவச் சான்று வேண்டும். பல வருடம் வேலை வாங்கியவரிடம் போய் அதைக் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் யாருடைய கையில் யாருடைய வாழ்க்கை இருக்கிறது என்று.

இன்னொன்று. "இவன் பயப்படவே மாட்டான், சட்டென்று ஏறிவிடுவான்" என்று யாராவது உங்களைப் புகழ்ந்தால் உஷாராகுங்கள். கையுறைக்குப் பதிலாக உங்கள் தைரியத்தைக் கேட்கிறார்கள். லைன் கிளியர் வாங்காமல், டெஸ்ட் செய்யாமல், எர்த் போடாமல் கம்பியைத் தொடாதீர்கள். மெயினை நிறுத்தினாலும் ஏதோ ஒரு வீட்டு ஜெனரேட்டரிலிருந்து ரிட்டர்ன் சப்ளை வரலாம். மலக்குழிக்குள் யாரை இறக்குவது என்று தீர்மானிக்கும் அதே சமூகம்தான், பாதுகாப்பில்லாமல் கம்பத்தில் யாரை ஏற்றுவது என்றும் தீர்மானிக்கிறது. ஏற மாட்டேன் என்று சொல்வது கோழைத்தனம் அல்ல, உரிமை.

இயக்கத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் படிப்பகங்களில் போட்டித் தேர்வுகளுக்கு வகுப்பு எடுக்கிறோம். அதே அறையில், வாரம் ஒரு மாலை, வயரிங் வேலை பார்க்கும் நம் அண்ணன் தம்பிகளை உட்கார வைப்போம். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்போம். சான்று தர மறுப்பவரிடம் கூடவே போய் நின்று கேட்போம். வரும் ஞாயிறே தொடங்கலாம். நானும் வருகிறேன்.